தெருவிளக்கு வாங்குவது எப்படி?

மாலை ஆறரை மணி. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெருவிளக்குகள் எரியத் தொடங்குகின்றன. சிதம்பரத்தில் நான்கு தேரோடும் வீதிகளிலும் வெளிச்சம் பரவுகின்றது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் நீங்கள் அந்த வெளிச்சத்தில்தான் பள்ளத்தையும் மேட்டையும் பார்த்து ஓட்டுகிறீர்கள்.

அந்த விளக்கை வாங்கியவர் யார் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடலூரில் அதை வாங்குவது மாநகராட்சி, சிதம்பரத்தில் நகராட்சி. கடலூர் 1866-ல் நகராட்சியாகி, 2021-ல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. சிதம்பரம் 1873 முதல் நகராட்சி. உங்கள் ஊர் பேரூராட்சியாகவோ ஊராட்சியாகவோ இருந்தாலும் தெருவிளக்கு அதன் பொறுப்புதான். பணம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பகுதி உங்கள் வீட்டார் செலுத்தும் வரியிலிருந்தும், அரசு அளிக்கும் மானியத்திலிருந்தும் வருகின்றது.

வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கும்போது கடைக்காரரிடம் விலை கேட்டு, உள்ளதில் மலிவானதை வாங்கி வந்துவிடலாம். தவறாகப் போனாலும் நட்டம் சில ரூபாய்தான். ஆனால் ஒரு நகராட்சி ஆயிரக்கணக்கில் வாங்குகின்றது. ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் எரிகின்றது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் ஊர் முழுதும் பத்தாண்டுக் காலம் அதற்கு விலை கொடுக்க வேண்டும். பணத்தோடு காற்றும் நிலத்தடி நீரும் கடலோர உயிர்களுங்கூட அந்த விலையைக் கொடுக்கின்றன. ஆகவே, பொருள் வாங்குவதிலும் ஒரு விஞ்ஞானம் உண்டு. தெருவிளக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அதைப் பார்ப்போம்.

மலிவானது எது?

ஒரு சாலைக்கு 12,000 லூமன் ஒளி தரும் விளக்குகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். (லூமன் என்பது ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு. ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமன் ஒளி தரும்.) இரண்டு வணிகர்கள் விலை கூறுகிறார்கள். கீழுள்ள விலைகள் கணக்கின் வசதிக்காக நாமே எடுத்துக்கொண்டவை.

முதல் வணிகரின் விளக்கு: விலை 3,000 ரூபாய், மின்திறன் 120 வாட்.
இரண்டாம் வணிகரின் விளக்கு: விலை 4,200 ரூபாய், மின்திறன் 90 வாட்.

இரண்டும் அதே 12,000 லூமன் ஒளி தருகின்றன. எதை வாங்குவீர்கள்? விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் முதல் விளக்கைத்தான் வாங்குவார். இப்போது நீங்கள் வகுப்பில் படித்த சமன்பாட்டைப் பயன்படுத்துவோம்.

மின்னாற்றல் = மின்திறன் × நேரம்.

முதல் விளக்கு ஓராண்டில் 120 × 4,000 = 4,80,000 வாட் மணி, அதாவது 480 யூனிட் மின்சாரம் உண்ணும். இரண்டாவது 90 × 4,000 = 3,60,000 வாட் மணி, அதாவது 360 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், முதல் விளக்கின் ஆண்டுச் செலவு 3,840 ரூபாய். இரண்டாவதின் செலவு 2,880 ரூபாய். வேறுபாடு ஆண்டுக்கு 960 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 1,200 ரூபாய் பதினைந்தே மாதங்களில் திரும்பி வந்துவிடுகின்றது.

பத்தாண்டுக்குக் கணக்கிட்டால்?

முதல் விளக்கு: 3,000 + 38,400 = 41,400 ரூபாய்.
இரண்டாம் விளக்கு: 4,200 + 28,800 = 33,000 ரூபாய்.

ஒரு விளக்குக்கு 8,400 ரூபாய் மிச்சம். ஆயிரம் விளக்குகளுக்கு 84 லட்சம் ரூபாய்! இன்று கையில் உள்ள ரூபாய்க்கும் பத்தாண்டு கழித்து மிச்சமாகும் ரூபாய்க்கும் மதிப்பு ஒன்றல்ல என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். வட்டியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும் இரண்டாம் விளக்கே வெல்கின்றது.

இதனை ஆயுட்காலச் செலவுக் கணக்கு என்பர். வாங்கும் விலை, பயன்படுத்தும் செலவு, பழுது பார்க்கும் செலவு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பார்ப்பதுதான் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இயற்றிய பொதுக் கொள்முதல் சட்டத்தில் இந்த முறைக்கு இடம் அளித்திருக்கின்றது.

ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன்?

ஒரே அளவு ஒளிக்கு ஒரு விளக்கு 120 வாட்டும் மற்றொன்று 90 வாட்டும் எடுத்துக்கொள்வது எப்படி? விளக்கு என்பது மின்னாற்றலை ஒளியாக மாற்றும் கருவி. மாறாதது வெப்பமாகிவிடுகின்றது. ஒரு வாட் மின்திறனுக்கு எத்தனை லூமன் கிடைக்கின்றது என்பதை ஒளித்திறன் எனலாம்.

பழைய மின்னிழை பல்பை நினைத்துப் பாருங்கள். 60 வாட் பல்பு சுமார் 700 லூமன்தான் தரும்; வாட்டுக்கு ஏறத்தாழ 12. கையை அருகில் கொண்டுபோனால் மீதி எங்கே போயிற்று என்பது தெரியும்! தெருக்களில் நெடுங்காலம் இருந்த 40 வாட் குழல் விளக்கு சுமார் 2,400 லூமன் தந்தது. ஆனால் அதன் சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட்டை விழுங்கிவிடும். நாற்பது வாட் விளக்கு என்று பெயரே தவிர, மின் அளவியில் ஓடியது ஐம்பதுக்கு மேல்.

பிறகு பெருஞ்சாலைகளுக்குச் சோடிய ஆவி விளக்குகள் வந்தன. அவற்றின் பொன்மஞ்சள் ஒளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிக நன்றாக உணரும். சோடியத்தின் ஒளி 589 நானோமீட்டர். அதற்கு அருகிலேயே இருக்கின்றது. ஆகவே அதன் ஒளித்திறன் வாட்டுக்கு 100 லூமனை எட்டியது. ஆனால் ஒரு குறை: அந்த விளக்கு நாற்புறமும் ஒளி வீசும். மேலே போகும் ஒளியை எதிரொளிப்பான் வைத்துக் கீழே திருப்ப வேண்டும். அதில் ஒரு பகுதி கூண்டுக்குள்ளேயே வீணாகிவிடும்.

இன்று அவற்றின் இடத்தைப் பிடித்து வருவது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. இதில் சூடேறும் இழை இல்லை, வாயுவும் இல்லை. ஒரு குறைகடத்திச் சந்தியில் எலெக்ட்ரானும் துளையும் சேரும்போது விடுபடும் ஆற்றல் நேராக ஒளியாகின்றது. சிவப்பும் பச்சையும் முன்பே கிடைத்தன, நீலந்தான் கைகூடவில்லை. காலியம் நைட்ரைடு படிகத்தைக் கொண்டு பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசினால், இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகின்றது. நல்ல எல்.இ.டி. தெருவிளக்கு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை தருகின்றது. அது கீழ்நோக்கியே ஒளி வீசுவதால் வீணாவதும் குறைவு.

பாருங்கள், 100-க்கும் 150-க்கும் எவ்வளவு இடைவெளி! எல்.இ.டி. என்று பெயரிட்ட எல்லா விளக்கும் ஒன்றல்ல. மேலே நாம் ஒப்பிட்ட இரண்டும் எல்.இ.டி.க்களே.

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது?

மிச்சமானது பணம் மட்டுமன்று என்றோம். கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கின்றது. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்து மின்சாரம் செய்கின்றது. அந்த நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதை எரித்துப் பெறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கின்றது. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் சுரங்கத்தில் புகாமலிருக்க, இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் தெருவிளக்கில் எரிவது நெய்வேலி மின்சாரந்தானா? அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. அனல், நீர், காற்று, சூரியன், அணு ஆகிய எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே வலையமைப்பில் கலந்துவிடுகின்றது. நாடு முழுவதற்கும் சராசரி கண்டால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு ஆகும். நம் கணக்கில் ஆயிரம் விளக்குகளால் ஆண்டுக்கு மிச்சமாவது 1,20,000 யூனிட். அதாவது ஏறத்தாழ 84 டன் கரியமில வாயு வெளிவராமல் நிற்கின்றது. ஒரே ஒரு கொள்முதல் முடிவின் பலன் இது!

கடலோர ஊருக்கு எது பொருந்தும்?

இவ்வளவு கணக்கும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றது: விளக்கு பத்தாண்டு எரிய வேண்டும். ஓராண்டில் அணைந்துவிட்டால் மிச்சமும் இல்லை, வெளிச்சமும் இல்லை, குப்பைதான் மிச்சம்.

எல்.இ.டி. சில்லு 50,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 4,000 மணி வீதம் பன்னிரண்டரை ஆண்டு. அந்த நேரம் முடியும்போது அது பட்டென்று அணைந்துவிடும் என்பது பொருளன்று; ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறைந்திருக்கும் என்பதே பொருள். சில்லுக்கு முன்பே பழுதாவது பெரும்பாலும் அதற்கு மின்சாரம் ஊட்டும் சுற்று. அதிலுள்ள மின்தேக்கி வெப்பத்தில் உலர்ந்துபோகும். நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். இடி மின்னலின்போது ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாயும். ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியக் கூடும், மின்னெழுச்சியைத் தாங்கும் காப்புச் சாதனமும் கட்டாயம் வேண்டும்.

கடலூரில் இன்னொரு பகையும் உண்டு: உப்புக் காற்று. தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்கள் வீட்டு இரும்புக் கதவைக் கேட்டால் அது சொல்லும்! விளக்குக் கூட்டின்மேல் ‘ஐ.பி. 66’ போன்ற குறி இருக்கும். முதல் எண் தூசிக்கு எதிரான காப்பு. இரண்டாம் எண் நீருக்கு எதிரான காப்பு. 66 என்றால் தூசி அறவே புகாது. பலமாகப் பீய்ச்சும் நீரும் கெடுக்காது. புயலையும் மறக்கலாகாது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது.

இனி, ஒளித்திறன் எண் சொல்லாத ஒரு செய்தி. தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை முட்டையிட வருகின்றன. கடலூர்க் கரையும் அதில் அடங்கும். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, இருட்டில் எது வெளிச்சமான திசையோ அதை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடலின் தொடுவானம். கரையில் வெண்ணீல ஒளி வீசும் விளக்கு இருந்தாலோ, குஞ்சு ஊரை நோக்கி ஓடி மடிகின்றது. 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட செம்மஞ்சள் ஒளி அவற்றை அதிகம் ஈர்ப்பதில்லை. ஆகவே கடற்கரைச் சாலைக்கு வேண்டுவது செம்மஞ்சள் விளக்கு. உயரம் குறைந்த கம்பம். கடல் பக்கம் ஒளி போகாத மறைப்பு. இதற்காக வாட்டுக்குச் சில லூமன் குறைந்தாலும் தாழ்வில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய சாலைகளிலும் இரவுப் பூச்சிகளை எண்ணி இப்படியே சிந்திக்கலாம்.

எழுதாதது கிடைக்காது

பொது அமைப்புகள் பொருள் வாங்குவதற்கு ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், கோருகின்றன. தமிழ்நாட்டில் இதற்கென 1998-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்த அளவுகோலைக் கொண்டுதான் விலைப்புள்ளிகளை மதிப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டாமலிருக்க இது அவசியம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கின்றது. ஆவணத்தில் ‘எல்.இ.டி. விளக்கு, ஆயிரம் எண்ணம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், விலை குறைந்தது எதுவோ அதையே வாங்க நேரிடும். நல்ல விளக்கு என்று பொறியாளருக்குத் தெரிந்தாலும் பிறகு கை நீட்ட முடியாது. எனவே விஞ்ஞானம் முழுவதும் டெண்டர் எழுதும் மேசையிலேயே இறங்க வேண்டும். வாட்டுக்குக் குறைந்தது இத்தனை லூமன், இந்த நிறம், இந்தக் காப்பு எண், முழு விளக்குக்கும் இத்தனை ஆண்டு உத்தரவாதம், ஆய்வகச் சான்று, மதிப்பீடு ஆயுட்காலச் செலவின்படி — இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கழற்றிய பழைய விளக்கையும் மறக்கக் கூடாது. குழல் விளக்கிலும் பாதரச ஆவி விளக்கிலும் பாதரசம் உண்டு. குப்பைமேட்டில் உடைந்தால் அது காற்றிலும் நீரிலும் கலந்து, மீன் வழியாக நம் தட்டுக்கே வரும். மின்னணுக் கழிவு விதிகள் இத்தகைய விளக்குகளை 2016 முதல் தம் வரம்பில் கொண்டுள்ளன. பழையதை முறையாகத் திரட்டி, மறுசுழற்சிக்கு அனுப்புவதையும் அதே டெண்டரில் சேர்த்துவிடலாம்.

சேர்ந்து வாங்கினால்?

நல்ல பொருளின் விலை அதிகமாயிற்றே என்பீர்கள். ஈ.ஈ.எஸ்.எல். என்ற பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் வீட்டு எல்.இ.டி. பல்புகளை நாடு முழுவதற்கும் மொத்தமாக வாங்கத் தொடங்கியது. 2014 தொடக்கத்தில் அது கொடுத்த விலை பல்புக்கு 310 ரூபாய். 2016-ல் அதே விலை 38 ரூபாயாக வீழ்ந்தது! தொழில்நுட்பம் வளர்ந்தது ஒரு காரணம். கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்ற உறுதி கிடைத்ததும் ஆலைகள் பெருமளவில் உற்பத்தியில் இறங்கியது மற்றொரு காரணம்.

விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். 2014 அக்டோபர் 12-ல் ஹூட்ஹூட் புயல் அந்த நகரைச் சிதைத்தது. தெருவிளக்குகளை மீண்டும் அமைக்கும்போது பழைய வகையையே வாங்காமல், 90,000-க்கும் மேற்பட்ட விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினார்கள். முதலீடு அதே ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனத்துடையது, மின் செலவில் மிச்சமாகும் தொகையிலிருந்து மாநகராட்சி அதைத் தவணையாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு.

சிற்றூரால் முடியுமா? கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே வாங்கிவிட்டது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். சேமிப்பு போக மீதிக்கு வங்கிக் கடன். ஊராட்சியின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

விளக்கு மட்டுமா?

இதே கணக்கு மற்ற கொள்முதலுக்கும் பொருந்தும். குடிநீர் பம்புக்கு மின்மோட்டார் வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பார்க்கலாம். குப்பை அள்ளும் வண்டி டீசலா, பேட்டரியா என்று ஆயுட்காலச் செலவைக் கொண்டு முடிவு செய்யலாம். சாலைக்குத் தாரோடு கழிவு பிளாஸ்டிக்கைச் சேர்க்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கினார். அதற்காக அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சூழலுக்கு ஏற்ற பொருள்களுக்கு நம் நாடு 1991-ல் ‘ஈகோமார்க்’ என்ற முத்திரையை ஏற்படுத்தியது. அதன் சின்னம் மண்பானை. மண்பானை செய்ய அதிக ஆற்றல் வேண்டாம். உடைந்தாலும் நஞ்சில்லாமல் மண்ணோடு மண்ணாகும். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு பொருளை எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சின்னம் கிடைக்குமா?

நீங்களே செய்து பாருங்கள்

இரு பல்புகளில் எது சிறந்தது என்று கண்டறிய ஓர் எண்ணெய்ப் பொட்டு போதும். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். தாளைச் செங்குத்தாக நிறுத்தி, இருட்டறையில் இருபுறமும் ஒரே வடிவமுள்ள இரு பல்புகளை எரிய விடுங்கள். (மின் இணைப்பை ஆசிரியர் கொடுக்கட்டும்.) தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே இருபுற வெளிச்சமும் சமம். பல்புகளின் ஒளிச்செறிவு அந்தத் தொலைவுகளின் வர்க்க விகிதத்தில் இருக்கும்.

7 வாட் பல்பு 40 செ.மீ. தொலைவிலும், 9 வாட் பல்பு 50 செ.மீ. தொலைவிலும் இருக்கும்போது பொட்டு மறைந்தால், ஒளிச்செறிவு விகிதம் 1600 : 2500, அதாவது 16 : 25. வாட்டால் வகுத்தால் 16 ÷ 7 = 2.29; 25 ÷ 9 = 2.78. ஆகவே 9 வாட் பல்பே ஒளித்திறன் மிக்கது.

அடுத்து, நண்பர்கள் நால்வர் சேர்ந்து உங்கள் தெருவின் கம்பங்களை எண்ணுங்கள். எவை எரிகின்றன, எவை எரியவில்லை, எவை பகலிலும் எரிகின்றன, எந்த விளக்கு என்ன வகை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் ஒரு படியை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, ‘அடுத்த டெண்டரில் வாட்டுக்கு எத்தனை லூமன் என்று கேட்கப் போகிறீர்கள்?’ என்று விசாரியுங்கள். அந்த எண்ணைச் சரிபார்க்கத் தேவையான இயற்பியல் உங்கள் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கின்றது.